மலையகத்தில் வாய்ப்புற்றுநோய்: சிறு ஆய்வு மானியத்தை எதில் செலவிடுவது?

தோட்டத்து லயத்தில் (தொழிலாளரின் வரிசை வீடுகளில்) ஒருவரை வாயைத் திறக்கச் சொல்லி, கன்னத்தின் உட்பக்கம் இருக்கும் வெள்ளைத் திட்டைக் கண்டுபிடிக்க ஐந்து நிமிடம் போதும். அதே ஆளை பயொப்சி (திசு எடுத்துப் பரிசோதிப்பது) வரை கொண்டுபோய், அறிக்கையை வாங்கி, அதில் என்ன எழுதியிருக்கிறது என்று அவருக்குப் புரியும்படி சொல்லி முடிக்க மாதங்கள் ஆகும். பலருக்கு அது நடக்காமலே போய்விடும். முன்மொழிவு எழுத உட்காரும்போது முதல் ஐந்து நிமிடத்துக்குப் பணம் கேட்பது எளிது. கேட்க வேண்டியது மீதி மாதங்களுக்கு.

இது நடந்து முடிந்த ஓர் ஆய்வின் அறிக்கை அல்ல. நுவரெலியா மாவட்டத்தில் ஒரு சுகாதார வைத்திய அதிகாரி பிரிவை எடுத்துக்கொண்டு, 24 மாதத்தில் 100,000 டொலர் நேரடிச் செலவுக்குள் முடியும் ஒரு முன்னோடி ஆய்வை எப்படி வகுப்பது என்று போட்டுப் பார்த்த கணக்கு. பரவல், வருகை போன்ற எண்கள் அனுமானமாக வருமிடத்தில் அப்படியே சொல்லியிருக்கிறோம். அவற்றை மாற்றி உங்கள் பிரிவுக்கு ஏற்றபடி கணக்கைத் திரும்பப் போட்டுக்கொள்ளலாம்.

ஏன் வாய்

இலங்கை ஆண்களிடம் முதலிடத்தில் இருப்பது வாய்ப்புற்றுநோய். தோட்டத்தில் பெண்கள் பலரும் வெற்றிலை போடுவதால் இதை ஆண்களின் நோய் என்று ஒதுக்க முடியாது. புகையிலை சேர்ந்த வெற்றிலை மனிதருக்குப் புற்றுநோய் தரும் என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை 1985இல் சொன்னது. புகையிலை இல்லாத வெற்றிலையும், வெறும் பாக்கும்கூட அப்படியே என்பது அதன் 2004ஆம் ஆண்டுத் தொகுதியில் வந்தது. குளிருக்கும் பசிக்கும் வெற்றிலையை வாயில் அடக்கிக்கொண்டே கொழுந்து எடுக்கும் மலையில் இந்தச் செய்தி இன்னும் முழுதாக இறங்கவில்லை. “நான் போயிலை போடுறதில்லையே, வெறும் பாக்குதானே” என்பவர்கள் ஏராளம்.

இன்னொரு காரணம், இந்த நோய் கண்ணுக்குத் தெரியும். வெண்திட்டு, செந்திட்டு, வாய் இறுகிப்போகும் நார்த்தடிப்பு ஆகிய முன்னிலைகள் வருடக்கணக்கில் அங்கேயே இருக்கும். ஸ்கேன் வேண்டாம், இரத்தம் எடுக்க வேண்டாம். பேராதனைப் பல் வைத்திய பீடம் பக்கத்தில் இருப்பதால் திசுவைப் பார்த்துச் சொல்லும் ஆட்களும் உண்டு. கருப்பைக் கழுத்துப் புற்றுநோயையும் இதே மானியத்தில் சேர்க்கலாமே என்ற யோசனை எழும். 35, 45 வயதுப் பெண்களுக்கான பரிசோதனை சுகவனிதையர் கிளினிக் வழியாகவும், 6ஆம் தரச் சிறுமிகளுக்கான தடுப்பூசி 2017 முதல் பாடசாலை வழியாகவும் நடக்கின்றன. அதன் ஓட்டைகள் வேறு இடத்தில் இருக்கின்றன. அதற்குத் தனி மானியம் வேண்டும். இரண்டையும் ஒன்றாகக் கட்டினால் இரண்டும் பாதியில் நிற்கும்.

ஏற்கனவே தெரிந்தது

சாதாரண சுகாதார ஊழியர்களைப் பயிற்றுவித்தால் வாய்ப்புண்ணை அடையாளம் காண்பார்கள் என்பது 1984இலேயே இலங்கையில் நிறுவப்பட்டுவிட்டது. உலக சுகாதார நிறுவனத்தின் இதழில் வந்த அந்த ஆய்வில் கிராமத்து மக்கள் இருபதாயிரத்துக்கும் மேற்பட்டோரை ஆரம்ப சுகாதார ஊழியர்கள் பார்த்தார்கள். மேல் பரிசோதனைக்கு அனுப்பப்பட்டவர்களில் ஏறத்தாழ பாதிப்பேர்தான் போய்ச் சேர்ந்தார்கள். கேரளாவில் 1996இல் தொடங்கிய திருவனந்தபுரம் ஆய்வு 13 பிரிவுகளில் நடந்தது. புகையிலை அல்லது மது பழக்கம் உள்ளவர்களிடையே இத்தகைய பரிசோதனை வாய்ப்புற்றுநோய் மரணங்களை மூன்றில் ஒரு பங்கு குறைத்தது என்று 2005இல் அறிவித்தது. அங்கேயும் அனுப்பப்பட்டவர்களில் 63 சதவீதமானோரே வந்தார்கள்.

ஆகவே “தோட்டத்தில் எத்தனை பேருக்குத் திட்டு இருக்கிறது” என்று திரும்பவும் எண்ணிப் பார்ப்பதில் ஒரு சிறு மானியத்தைக் கரைப்பது நியாயமில்லை. எத்தனை பேர் வழியில் நழுவுகிறார்கள், எந்த இடத்தில், எதனால் என்பதைத்தான் அளக்க வேண்டும்.

எண்ணிக்கை

முதன்மைக் கேள்வி: அனுப்பப்பட்டவர்களில் எத்தனை சதவீதம் பேர் 90 நாளுக்குள் வாய், முக அறுவைச் சிகிச்சைக் கிளினிக்குக்குப் போய்ச் சேர்கிறார்கள்? வீதம் 50 சதவீதம் என்று எடுத்து, 95 சதவீத நம்பிக்கையோடு 10 புள்ளி முன்பின்னாக அளக்க 96 பேர் வேண்டும். இது தனித்தனி ஆட்களுக்கான கணக்கு. ஒரே டிவிசனில் (தோட்டத்தின் ஒரு பிரிவில்) இருப்பவர்கள் ஒரே பஸ்ஸையும் ஒரே டிஸ்பென்சரியையும் ஒரே துரையையும் (முகாமையாளரையும்) சார்ந்திருப்பதால் ஒருவர் போனால் மற்றவரும் போவார், ஒருவர் நின்றால் மற்றவரும் நிற்பார். அதற்காகப் பெருக்க வேண்டும். ஒரு டிவிசனில் 16 பேர், உள்ளொற்றுமைக் குணகம் (ஒரே டிவிசன்காரர்கள் எவ்வளவு ஒரே மாதிரி நடக்கிறார்கள் என்பதன் அளவு) 0.05 என்று வைத்தால் பெருக்கம் 1 + (15 × 0.05) = 1.75. அதாவது 168 பேர்.

பலரும் சறுக்குவது இங்கேதான். முதலில் 6 டிவிசன் என்று நினைத்தவர்கள், அந்த 168 பேரையும் அதே 6 டிவிசனில் தேடுவார்கள். அப்போது டிவிசனுக்கு 28 பேராகி, பெருக்கம் 2.35க்கு ஏறிவிடும், 168 போதாது. ஒரு டிவிசனில் ஆட்களைக் கூட்டுவதைவிட டிவிசன்களைக் கூட்ட வேண்டும்: 11 டிவிசன், ஒவ்வொன்றிலும் 16 பேர், மொத்தம் 176. பார்க்கப்படுபவர்களில் 8 சதவீதம் பேர் அனுப்ப வேண்டியவர்களாக இருப்பார்கள் என்று வைத்தால், 35 வயதுக்கு மேற்பட்ட 2200 பேரைப் பார்க்க வேண்டும், டிவிசனுக்கு 200 பேர். இருவர் கொண்ட ஓர் அணி ஒரு நாளில் 25 பேரை ஒழுங்காகப் பார்க்கும் என்றால் 88 களநாள்.

மக்கள் பிரிவுகளுக்கிடையிலான வேறுபாட்டுக்கு நிதி தருபவர்கள் ஒப்பீட்டைக் கேட்பார்கள்: தோட்டத்தில் இத்தனை, பக்கத்துக் கிராமத்தில் எத்தனை? ஒரு பக்கம் 45 சதவீதம், மறுபக்கம் 60 சதவீதம் என்ற வேறுபாட்டை 80 சதவீத வலுவோடு பிடிக்கவே, கொத்து விளைவை (மேலே சொன்ன பெருக்கத்தை) சேர்க்காமல், பக்கத்துக்கு 170 பேர் வேண்டும். முன்னோடி ஆய்வால் அது முடியாது. அதே சுகாதாரப் பிரிவில், அதே உயரத்தில், அதே வைத்தியசாலையை நம்பியிருக்கும் இரண்டு கிராமங்களைச் சேர்த்துப் படிவங்கள் அங்கும் வேலை செய்கின்றனவா என்று பார்க்கலாம். வேறுபாடு இருக்கிறது, இல்லை என்று எந்த முடிவையும் அதிலிருந்து எழுதக் கூடாது. மரபணுக் காரணம் தேடும் ஆசையும் இந்த அளவில் வேண்டாம். வாயில் என்ன அடக்கி வைக்கிறார், எத்தனை வருடமாக, வைத்தியசாலைக்கு எவ்வளவு தூரம் என்ற கேள்விகள் முதலில் பதில் கேட்டு நிற்கின்றன.

யாரை எண்ணுகிறோம்

2012 குடிசன மதிப்பீட்டில் இந்தியத் தமிழர் என்று பதிவானவர்கள் 839,504 பேர். மலையக வம்சாவளியினர் பலர் இலங்கைத் தமிழர் என்ற கட்டத்தில் பதிந்ததால் உண்மையான தொகை இதைவிடக் கூடுதல். தேசிய புற்றுநோய்ப் பதிவேடு சிகிச்சை நிலையங்களிலிருந்து திரட்டப்படுவது. அங்கே இனக்கட்டத்தை நிரப்புபவர் பெரும்பாலும் பதிவு மேசையில் இருப்பவர். வீதத்தில் மேலே உள்ள நோயாளர் எண்ணிக்கைக்குப் பதிவு மேசைக்காரர் இனத்தை ஒரு விதமாகவும், கீழே உள்ள மக்கள் தொகைக்குக் குடிசன மதிப்பீட்டில் மக்களே வேறு விதமாகவும் நிரப்பினால் வரும் வீதத்தை நம்ப முடியாது. எனவே இந்த ஆய்வில் இனக்கட்டத்தோடு வேறு மூன்று விவரங்களையும் எடுக்க வேண்டும்: இப்போது வசிப்பது தோட்டமா, கிராமமா, நகரமா, தோட்டத்தில் வேலை செய்கிறாரா, வசிக்க மட்டும் செய்கிறாரா, கடந்த பத்து வருடத்தில் கொழும்பு போன்ற வெளியிடங்களில் எவ்வளவு காலம் இருந்தார். இவற்றைக் கொண்டுதான் பின்னால் வரும் பெரிய ஆய்வு தன் பிரிவுகளை வகுக்க முடியும்.

வீட்டுப் பட்டியலுக்கு செக்ரோலை (தோட்டத்தின் வேலையாள் பதிவேட்டை) மட்டும் நம்பாதீர்கள். அதில் வேலையாட்கள்தான் இருப்பார்கள். வேலை நின்ற ஐம்பது வயதுக்காரர்கள், அதாவது அதிக ஆபத்தில் இருப்பவர்கள், விடுபட்டுப் போவார்கள். குடும்ப நல உத்தியோகத்தரின் பதிவேடு, கிராம உத்தியோகத்தரின் வாக்காளர் பட்டியல், செக்ரோல் மூன்றையும் வைத்து, மேட்டு லயம், பணிய லயம் என்று காம்பரா காம்பராவாக (அறை அறையாக) நடந்து சரிபார்க்க வேண்டும். 2025 நவம்பர் இறுதியில் டிட்வா புயலோடு வந்த மண்சரிவுகளுக்குப் பிறகு இடம்பெயர்ந்த குடும்பங்கள் உண்டு என்பதால் அதற்கு முந்திய எந்தப் பட்டியலும் அப்படியே செல்லாது.

அனுமதி

நெறிமுறைக் குழு, மாகாண சுகாதாரப் பணிப்பாளர், தோட்டக் கம்பெனியின் தலைமை அலுவலகம், தோட்ட முகாமையாளர், தொழிற்சங்கத் தோட்டத் தலைவர்கள்: இந்த வரிசையில் ஆறு மாதத்தை ஒதுக்குங்கள். திசு மாதிரி நாட்டுக்கு வெளியே போவதாக இருந்தால் மாதிரிப் பரிமாற்ற ஒப்பந்தமும் வேண்டும். இந்த அளவு ஆய்வில் மாதிரியை வெளியே அனுப்பாமலிருப்பதே நல்லது.

முகாமையாளரின் ஒத்துழைப்பு வேண்டும், ஆனால் அவர் பிரட்டில் (காலையில் வேலை பிரிக்கும் இடத்தில்) நின்று “எல்லாரும் போய் வாயைக் காட்டுங்க” என்று சொன்னால் அங்கே சம்மதம் என்ற ஒன்று இல்லாமல் போகும். பிரட்டில் அறிவிப்பு மட்டும் போதும். சம்மதம் வீட்டு வாசலில், கங்காணியோ உத்தியோகத்தரோ பக்கத்தில் இல்லாத நேரத்தில் கேட்கப்பட வேண்டும். யார் வந்தார், யார் வரவில்லை, யாருக்கு என்ன இருந்தது என்ற பட்டியல் எதுவும் தோட்ட அலுவலகத்துக்குப் போகாது என்று எழுத்தில் ஒப்பந்தம் செய்யுங்கள். நோய் இருப்பது தெரிந்தால் வேலை போய்விடும் என்ற பயம் லயத்தில் உண்மையாகவே இருக்கிறது.

வாயைப் பார்ப்பது

பார்ப்பவர்களுக்கு மூன்று நாள் பயிற்சி, அதில் ஒரு நாள் முழுதும் வைத்தியசாலைக் கிளினிக்கில். பிறகு 40 படங்களை வைத்து ஒவ்வொருவரையும் தனித்தனியாகச் சோதிக்க வேண்டும். அதில் கால்வாசி நோயற்ற வாய்களாக இருக்கட்டும். வாய்நோய் நிபுணரின் தீர்ப்போடு கப்பா (இருவர் தீர்ப்பும் எவ்வளவு ஒத்துப்போகிறது என்பதன் அளவு) 0.6க்குக் கீழே வருபவர் களத்துக்குப் போகக் கூடாது. ஆறு மாதத்துக்கு ஒருமுறை அதே சோதனையைத் திரும்ப வைக்க வேண்டும், ஏனெனில் கண் மெல்ல மெல்லத் தளர்ந்துவிடும்.

நெற்றியில் கட்டும் டோர்ச், மரக்கரண்டி இரண்டு, கோஸ் துணி, கையுறை, தண்ணீர். லயத்துக் காம்பராவில் பகலிலும் இருட்டு. கையில் பிடிக்கும் டோர்ச் என்றால் ஒரு கை போய்விடும், நாக்கைப் பிடிக்க ஆளிருக்காது. வெற்றிலைக் கறை படிந்த வாயை அப்படியே பார்க்கக் கூடாது. இரண்டு முறை நன்றாகக் கொப்பளிக்கச் சொல்லி, கோஸால் துடைத்த பிறகு பாருங்கள். துடைத்தால் போகும் படிவும் உரிந்து வரும் பழுப்புத் தோலும் வேறு. துடைத்தும் போகாத வெள்ளை வேறு. உதடு, உதட்டின் உட்பக்கம், கடைவாய், இரு கன்னங்கள், ஈறோரப் பள்ளம், நாக்கின் மேல், கோஸால் நாக்கை இழுத்து இரு ஓரங்கள், அடிப்பகுதி, வாயின் தரை, அண்ணம் என்று அதே வரிசையில் ஒவ்வொரு முறையும் போக வேண்டும். எந்தப் பக்கம் வெற்றிலையை அடக்குவார் என்று கேட்டு, அந்தக் கன்னத்தின் அடிப்பள்ளத்தைக் கரண்டியால் விலக்கி இன்னொரு முறை பாருங்கள். தவறவிடப்படுவது பெரும்பாலும் அங்கேதான். மேல், கீழ் முன்பற்களின் இடைவெளியை மில்லிமீற்றரில் அளந்து எழுதுங்கள். 35க்குக் கீழே என்றால், திட்டு எதுவும் இல்லாவிட்டாலும் அனுப்ப வேண்டும். இரண்டு வாரத்துக்கு மேல் ஆறாத புண், சிவந்த திட்டு, தடித்த கட்டி ஆகியவற்றுக்கு “அடுத்த மாதம் பார்ப்போம்” என்ற பேச்சே கூடாது.

“புகையிலை பாவிப்பீர்களா?” என்று முதல் கேள்வியாகக் கேட்டால், சிகரெட் பிடிக்காதவர் இல்லை என்றுதான் சொல்வார். வெற்றிலை போடுவீர்களா, அதில் என்னென்ன சேர்ப்பீர்கள், ஒரு நாளில் எத்தனை வாய், எவ்வளவு நேரம் அடக்குவீர்கள், வாயில் வைத்தபடியே தூங்குவதுண்டா, எந்த வயதில் தொடங்கியது என்று இந்த வரிசையில் கேட்டால் உண்மை தானாக வரும்.

நாளைத் தெரிவு செய்வதும் முக்கியம். காலைப் பிரட்டில் யாரும் நிற்க மாட்டார்கள். கொழுந்து நிறுக்கும் மடுவத்தில் கூட்டம் இருக்கும், ஆனால் தனிமை இருக்காது. பின்னேரம் நான்கு மணிக்குப் பிறகு லயத்திலும் ஞாயிற்றுக்கிழமைகளிலும் பார்ப்பதே சரி. மேற்குச் சரிவில் மே முதல் செப்டெம்பர் வரையான மழைக்காலத்தை அனுப்பும் மாதங்களாக வைத்தால், வராதவர்கள் மனமில்லாமல் வரவில்லையா, பாதை இல்லாமல் வரவில்லையா என்று பிரிக்க முடியாது.

கடிதத்திலிருந்து அறிக்கை வரை

இந்த ஆய்வின் உயிர் நான்கு திகதிகளில் இருக்கிறது: கண்டுபிடித்த நாள், கிளினிக்குக்குப் போன நாள், பயொப்சி எடுத்த நாள், முடிவை நோயாளியிடம் சொன்ன நாள். இவை நான்கும் இல்லாத பதிவு குறைப்பதிவு. வந்து சேர்ந்தவர்களின் சராசரி நாட்களை மட்டும் போட்டால் எல்லாம் நன்றாக நடப்பதாகத் தெரியும், ஏனென்றால் வராதவர்கள் அந்தக் கணக்கில் இல்லை. 90ஆம் நாளில் கணக்கை நிறுத்தி, வராதவர்களையும் சேர்த்துக் காட்டும் கப்லான்–மையர் முறையே பொருத்தம்.

நழுவும் இடங்களைப் பார்ப்போம். வலி இல்லை, அதனால் அவசரம் தெரியவில்லை. கிளினிக் வாரத்தில் ஒன்றோ இரண்டோ நாள்தான். இலக்கம் காலை ஏழு மணிக்கே கொடுத்து முடிந்துவிடும், தோட்டத்து முதல் பஸ் அப்போதுதான் டவுனுக்கு வரும். ஒரு நாள் போனால் ஒரு பேர் (ஒரு நாட்சம்பளம்) போகும். 2024 செப்டெம்பரில் அடிப்படை நாட்சம்பளம் 1350 ரூபா ஆனது, பிந்திய உயர்வையும் சேர்த்துக் கணக்கிடுங்கள். தனியே போகத் தெரியாதவருக்குத் துணை வேண்டும், துணைக்கும் ஒரு பேர் போகும். அனுப்பும் கடிதம் ஆங்கிலத்தில், மேசையில் பேசுபவர் சிங்களத்தில், நோயாளி தமிழில். “மஹரகமவுக்கு அனுப்பிருவாங்க” (புற்றுநோய் வைத்தியசாலை அங்கேதான்) என்ற பயம் இவை எல்லாவற்றுக்கும் மேலே. ஒவ்வொருவருக்கும் எது காரணம் என்று 30ஆம் நாளிலும் 90ஆம் நாளிலும் வீட்டுக்குப் போய்க் கேட்டு எழுத வேண்டும். போனில் கேட்டால் “வருவேன்” என்ற ஒரே பதில்தான் கிடைக்கும்.

ஆய்வு தொடங்கும் முன்பே கிளினிக்கோடு பேசி, வாரத்தில் ஒரு நாள், காலை பத்து மணிக்கு ஆறு இடங்களை ஒதுக்கிக்கொள்ளுங்கள். 11 டிவிசன்களில் ஐந்தை இப்போதுள்ள முறைப்படி விட்டு, ஆறுக்கு ஒதுக்கிய இடமும் பஸ் செலவும் நாட்சம்பள ஈடும் கூட்டிச் செல்லும் ஓர் ஆளும் கொடுக்கலாம். வேறுபாட்டை நிறுவ இது போதாது. இந்த உதவியைக் கொடுப்பது சாத்தியமா, ஓர் ஆளுக்கு எவ்வளவு செலவாகிறது என்பது தெரிந்துவிடும். ஒதுக்கிய இடம் இல்லாத டிவிசன்களிலும் சிவந்த திட்டோ கட்டியோ உள்ளவரை உடனே கையோடு கூட்டிப் போக வேண்டும். அதைச் செய்யாமல் வெறுமனே பார்த்துக்கொண்டிருப்பது ஆய்வாகாது.

திசு எடுத்த பிறகும் தொலைந்துபோகும். பத்து சதவீத நடுநிலைப் போமலின், திசுவைப் போல் குறைந்தது பத்து மடங்கு கனவளவு, இறுக மூடும் வாயகன்ற போத்தல். பெயர்ச்சீட்டு போத்தலின் உடலில் ஒட்டப்பட வேண்டும். மூடியில் ஒட்டினால் ஆய்வுகூடத்தில் மூடி மாறும்போது ஆளும் மாறிவிடுவார். எழுதுவது பென்சிலில், ஏனென்றால் பேனை மையைப் போமலின் கரைக்கும். ஒரே பெண் அடையாள அட்டையில் ஓர் எழுத்துக்கூட்டிலும், செக்ரோலில் இன்னொன்றிலும், கிளினிக் புத்தகத்தில் வேறொன்றிலும் இருப்பார். தகப்பன் பெயரும் புருஷன் பெயரும் இடம் மாறி வரும். ஆகவே ஆய்வு இலக்கம், அடையாள அட்டை இலக்கம், லய–காம்பரா இலக்கம் மூன்றும் கடிதத்திலும் போத்தலிலும் அறிக்கைப் படிவத்திலும் ஒன்றாக இருக்க வேண்டும். போன் இலக்கம் வீட்டில் மகனுடையதாக இருக்கும், மகன் கொழும்பில் இருப்பான்; இரண்டாவது இலக்கம் ஒன்றைக் கேட்டு வாங்குங்கள். முடிவை வட்ஸ்அப்பில் படமாக அனுப்புவது சொன்னதாகாது. ஆளுக்கு நேரே உட்கார்ந்து தமிழில் சொல்ல வேண்டும்.

பணம்

அமெரிக்க தேசிய சுகாதார நிறுவனங்களின் ஆர்03 வகைச் சிறு மானியம் வருடத்துக்கு 50,000 டொலர் நேரடிச் செலவு, இரண்டு வருடம். ஆர்21 வகை இரண்டு வருடத்துக்கு 275,000 வரை. வெளிநாட்டு நிறுவனங்களுக்கு மறைமுகச் செலவு (நிறுவனத்தின் பொது நிர்வாகத்துக்கான பங்கு) 8 சதவீதம்தான். பல்கலைக்கழக நிதிப்பிரிவுக்கு இதை முதலிலேயே சொல்லிவிடுங்கள், பிற்பாடு தகராறு வரும். அந்த அரசாங்கத்தின் இணையப் பதிவுகளுக்கே குறைந்தது ஆறு வாரம் எடுக்கும். 2025 மே மாதத்தில், அமெரிக்கப் பல்கலைக்கழகம் பெறும் மானியத்துக்குள் வெளிநாட்டுக்கு உபமானியம் கொடுக்கும் பழைய முறையை அந்நிறுவனங்கள் நிறுத்தின. பழைய மாதிரி முன்மொழிவை எடுத்துத் திருத்தி எழுதுபவர்கள் இதைக் கவனிக்காவிட்டால் வேலை முழுதும் வீணாகும். அறிவித்தலின் தகுதிப் பகுதியை எழுதத் தொடங்கும் முன் வாசியுங்கள். உள்நாட்டில் தேசிய ஆராய்ச்சிப் பேரவை, தேசிய விஞ்ஞான மன்றம், பல்கலைக்கழக ஆய்வு நிதி ஆகியன உண்டு. இவற்றுக்கு எழுதினால் டிவிசன்களைக் குறைக்காமல் கிராமங்களை விடுவது நல்லது.

100,000 டொலரை இப்படிப் பிரிக்கலாம் என்பது எங்கள் கருத்து. களப்பணியாளர் சம்பளம் 40 சதவீதம். அனுப்பப்பட்டவர்களின் பயணம், நாட்சம்பள ஈடு, துணையாள் 18. திசுப் பரிசோதனை 12, வாகனம் 8, பயிற்சி 6, தரவு 6, மொழிபெயர்ப்பும் சமூகக் கூட்டங்களும் 4, நெறிமுறைக் கட்டணம் 2, கைவசம் 4. மீளாய்வு செய்பவர்கள் அந்த 18ஐத்தான் வெட்டப் பார்ப்பார்கள், “நோயாளிக்குப் பணம் கொடுப்பது தூண்டுதல் ஆகாதா” என்று. பஸ் பயணச்சீட்டும் இழந்த நாட்சம்பளமும் தூண்டுதல் அல்ல. வைத்தியசாலைக்குப் போனதற்காக ஒரு குடும்பம் இழந்ததைத் திருப்பிக் கொடுப்பது. அதை முன்மொழிவிலேயே இரண்டு வரியில், கணக்கோடு எழுதிவிடுங்கள். நெறிமுறைக் குழுவும் அதே கேள்வியைக் கேட்கும்.

மேலே போவதா, நிற்பதா

எந்த எண் வந்தால் பெரிய ஆய்வுக்குப் போவோம் என்பதை முதல் ஆளைப் பார்க்கும் முன்பே எழுதி வைக்க வேண்டும். பட்டியலில் உள்ளவர்களில் 70 சதவீதம் பேரைப் பார்க்க முடிந்ததா. அனுப்பப்பட்டவர்களில் 90 சதவீதம் பேரின் நிலை 90ஆம் நாளில் தெரிந்ததா. எடுத்த பயொப்சிகளில் 95 சதவீதத்துக்கு அறிக்கை திரும்பி வந்ததா. இவற்றில் மூன்றாவது தவறினால் ஆட்களைக் கூட்டிப் பயனில்லை. ஆய்வுகூடத்துக்கும் களத்துக்கும் இடையிலான பாதையைச் சரிசெய்துவிட்டுத்தான் அடுத்த மானியத்துக்கு எழுத வேண்டும்.

24ஆம் மாதத்தில் பணம் நின்றாலும் வெண்திட்டோடு இருக்கும் ஆட்கள் அங்கேயே இருப்பார்கள். அவர்களுக்கு மூன்று முதல் ஆறு மாதத்துக்கு ஒருமுறை வாயைத் திரும்பப் பார்க்க வேண்டும், வருடக்கணக்கில். 20ஆம் மாதத்திலேயே அந்தப் பெயர்ப் பட்டியலை, அவர்களின் சம்மதத்தோடு, சுகாதார வைத்திய அதிகாரி அலுவலகத்திடமும் கிளினிக்கிடமும் ஒப்படைத்து, அடுத்த திகதி யார் கொடுப்பது, வராவிட்டால் எந்தக் குடும்ப நல உத்தியோகத்தர் போய்ப் பார்ப்பது என்று ஆளுக்கு ஆள் எழுதி கையொப்பம் வாங்குங்கள். கடைசி நான்கு மாதமும் களப்பணியாளர் ஒருவரின் சம்பளம் இந்த ஒப்படைப்புக்கென்றே வரவுசெலவில் இருக்கட்டும்.